பழைய டயரிலிருந்து ஆயில், கரித்தூள், கம்பி: சேலம் பகுதியில் பைரோலிசிஸ் ஆலை நடத்துவோருக்கு முழுமையான வழிகாட்டி

சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளிலிருந்து கழிக்கப்படும் டயர்களை நம்பி ஆலை தொடங்க நினைப்பவர்களுக்கும், அப்படியொரு ஆலையில் சூப்பர்வைசராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பைரோலிசிஸ் என்பது டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி ஆயில், கரித்தூள், கம்பி, வாயு என்று பிரிப்பது. பத்து டன் கொள்ளளவுள்ள சுழலும் பேட்ச் ரியாக்டரை, அதாவது ஒவ்வொரு லோடாகப் போட்டு எடுக்கும் சூடாக்கும் கலனை, மனதில் வைத்துச் சொல்கிறேன். தொடர் ஓட்ட ஆலைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஆயில் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். லாபமும் அங்கே, சுற்றுச்சூழல் நன்மையும் அங்கே என்று நினைக்கிறார்கள். இரண்டாவது நினைப்பு தவறு. இந்த ஆலை பருவநிலைக்கு நல்லது செய்கிறதா கெடுதல் செய்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கரித்தூள். அந்தக் கரித்தூளின் தரமோ டயரைப் பிரிக்கும் முற்றத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் கீழே ரியாக்டருக்கு முந்தைய வேலைகளுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

1. இடமும் அனுமதியும்

மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டு அனுமதிக்கு அலைவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இடம், அனுமதி, மெஷின் என்பதுதான் சரியான வரிசை.

சேலம் நகரம் நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. மார்கழி, தை மாதக் காலையில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் நிற்கும்போது, தட்டு போட்டு மூடியது போலப் புகை மேலே போகாமல் தங்கிவிடும். நகரத்துக்கு அருகில் மலையடிவாரத்தில் இடம் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆலை போட்டால், டயர் ஆயில் வாடை ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். புகார் வந்த பிறகு இடத்தை மாற்ற முடியாது. காற்று தாராளமாக ஓடும் திறந்த சமவெளியில், ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளி, தொழிற்பகுதியாக வகைப்படுத்திய நிலமாகப் பாருங்கள். குளிர்காலத்தில் விடியற்காலையில் ஒருமுறை போய், பக்கத்தில் எரியும் ஏதாவது அடுப்பின் புகை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இது சிவப்பு வகைத் தொழில், அதாவது மாசு அதிகம் உண்டாக்கும் பட்டியலில் உள்ளது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் நிறுவுவதற்கான இசைவை முதலிலும், இயக்குவதற்கான இசைவைப் பிறகும் வாங்க வேண்டும். அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் தனி அங்கீகாரமும் தேவை. தொழிற்சாலை உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று இரண்டும் வேண்டும். டயர் ஆயில் சாதாரண வெயிலிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும் என்பதால், சேமிக்கும் அளவைப் பொறுத்து பெட்ரோலியப் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமமும் தேவைப்படும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டயர் பைரோலிசிஸுக்கென்று தனி நடைமுறை விதிகளை வெளியிட்டிருக்கிறது. மெஷின் கொட்டேஷன் வாங்கும்போதே அதைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கையால் கரி அள்ளும் பழைய மாடல் ரியாக்டர் விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். அதற்கு இசைவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த கணக்குப்படி 19 மாநிலங்களில் 637 டயர் பைரோலிசிஸ் ஆலைகள். அவற்றில் விதிப்படி ஓடியவை 251. 270 ஆலைகள் விதியை மீறிக்கொண்டிருந்தன, மீதி 116 மூடப்பட்டிருந்தன.

2022 ஜூலையில் வந்த திருத்த விதிகளின்படி, புது டயர் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய டயர் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். நீங்கள் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் மறுசுழற்சியாளராகப் பதிவு செய்தால், பக்குவப்படுத்திய அளவுக்கு இ.பி.ஆர். (தயாரிப்பாளர் பொறுப்பு) சான்றிதழ் கிடைக்கும். அதை டயர் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும். இந்தப் பதிவுக்கு எடைச் சீட்டும் பில்லும் ஒழுங்காக இருக்க வேண்டும். பைரோலிசிஸுக்காக வெளிநாட்டிலிருந்து கழிவு டயர் இறக்குமதி செய்வதற்குத் தடை இருக்கிறது. யாராவது துறைமுகத்திலிருந்து மலிவாக லோடு தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

2. ரியாக்டருக்குள் போகக் கூடாத டயரைக் கண்டுபிடிப்பது

லோடு இறங்கியதும் முதல் கேள்வி: இது உண்மையிலேயே ஆயுள் முடிந்த டயரா?

லாரி டயரின் உடல் நன்றாக இருந்து, தேய்ந்தது மேல்பட்டை மட்டும்தான் என்றால் அது ரீட்ரேடிங்குக்கு, அதாவது புது மேல்பட்டை ஒட்டுவதற்கு, போக வேண்டும். புதிதாக ஒரு டயர் செய்யத் தேவைப்படும் ரப்பர், கம்பி, எரிசக்தி எல்லாவற்றிலும் பெரும்பகுதியை ரீட்ரேடிங் மிச்சப்படுத்துகிறது. பைரோலிசிஸ் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. பக்கவாட்டில் கை வைத்துத் தடவிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், கம்பி நீட்டிக்கொண்டிருப்பது, பீட் பகுதி (ரிம்மில் உட்காரும் கழுத்து) கிழிந்திருப்பது எதுவும் இல்லையென்றால் தனியாக எடுத்து வையுங்கள். ரீட்ரேடிங் பட்டறைக்காரர் வந்து பார்த்து நல்ல விலைக்கே எடுத்துக்கொள்வார்.

டியூப்களையும் பிரியுங்கள். லாரி டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். அதை மறுபதப்படுத்தி மறுபடி ரப்பராகவே பயன்படுத்தலாம், அதற்கு நல்ல கிராக்கியும் இருக்கிறது. அதை ரியாக்டரில் போட்டு எண்ணெயாக்குவது வீண்.

நைலான் லாரி டயரின் மேல்பட்டை ரப்பர் சுத்தமாக இருந்தால் ரீகிளெய்ம் ரப்பர் ஆலைகளும் வாங்கும். ரப்பரை ரப்பராகவே வைத்திருக்கும் வழி இருக்கும்வரை அதுதான் முதல் வழி. இதைச் சொன்னால் 'அப்புறம் எங்களுக்கு லோடு எங்கே கிடைக்கும்?' என்று புதிய முதலாளிகள் கேட்கிறார்கள். கிழிந்தது, வெடித்தது, இருமுறை ரீட்ரேட் ஆகி ஓய்ந்தது என்று கிடைப்பதே நிறைய. நல்ல டயரை எரித்துத்தான் ஆலை ஓட வேண்டும் என்றால் அந்த இடத்துக்கு அந்த ஆலை பெரிது என்று அர்த்தம்.

3. பிரித்து அடுக்குதல்

மீதியை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: லாரி ரேடியல், லாரி நைலான், கார் மற்றும் இரு சக்கர வாகனம்.

காரணம் கரித்தூள். லாரி டயரின் ரப்பரில் நிரப்பியாக இருப்பது பெரும்பாலும் கார்பன் பிளாக் என்ற கரிப்பொடி. இப்போதைய கார் டயர்களில் அதற்குப் பதிலாகச் சிலிக்கா கணிசமாகச் சேர்க்கிறார்கள். சிலிக்கா ரியாக்டரில் எங்கும் போகாது, அப்படியே சாம்பலாகக் கரித்தூளில் நிற்கும். புதிய கார்பன் பிளாக்கில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. டயர் கரித்தூளில் சாதாரணமாகவே 12 முதல் 20 சதவீதம்வரை இருக்கும். கார் டயரைக் கலந்து போட்டால் மேல் எல்லையை நோக்கிப் போகும். சாம்பல் கூடினால் ரப்பர் பொருள் செய்பவர்கள் வாங்க மாட்டார்கள், சூளைக்குத்தான் விற்க வேண்டும். அதன் விளைவு கடைசிப் பகுதியில் எண்ணோடு வரும்.

ஒரே பேட்சில் ஒரே வகை டயர் போடுங்கள். கலந்து போட்டால் ஆயில் வரும், எந்தக் குறையும் உடனே தெரியாது. கரித்தூளைச் சோதிக்கும்போதுதான் தெரியும், அப்போது பிரிக்க வழியிருக்காது.

அடுத்தது மண்ணும் தண்ணீரும். பட்டறை வாசலில் மாதக்கணக்கில் கிடந்த டயருக்குள் மழைநீர் நிற்கும். ஏற்காடு எஸ்டேட் ஜீப் டயர்கள் செம்மண் அப்பி வரும். மண்ணும் சாம்பல்தான். கம்பித் துடைப்பத்தால் தட்டி, டயரை நிமிர்த்தி உருட்டித் தண்ணீரைக் கொட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரைக்கடியில் அடுக்குவது கட்டாயம். வெளியே கிடந்தால் டெங்கு கொசுவும் சேர்ந்து வளரும், மாநகராட்சிக்காரர்கள் வந்து அபராதம் போடுவார்கள், அது நியாயமும்கூட.

ஈர டயரைப் போட்டால் என்ன? ஆவியாக்க எரிபொருள் செலவாவது சின்ன விஷயம். அந்த நீராவி ரியாக்டரில் அழுத்தத்தை ஏற்றும். ஆவியைக் குளிர்வித்து ஆயிலாக்கும் கண்டென்சரில் தண்ணீராகி ஆயிலோடு கலந்து, ஃபீனாலும் சல்பைடும் கரைந்த நாற்றமடிக்கும் கழிவுநீராக நிற்கும். அதைச் சுத்திகரிப்பது டயரைக் காய வைப்பதைவிடப் பல மடங்கு வேலை.

கடைசியாக பீட் கம்பி. பீட் இழுக்கும் மெஷினில் லாரி டயரின் கழுத்துக் கம்பியை முதலிலேயே உருவிவிடுங்கள். உள்ளே போனால் மற்றக் கம்பிகளோடு சிக்கிப் பெரிய பந்தாகி வெளியே வர மறுக்கும். முன்பே உருவிய கம்பி கரி படாமல் சுத்தமாக இருப்பதால் விலையும் கூடுதல்.

4. எடை போடுதல்

உள்ளே போகும் டயரையும் வெளியே வரும் நான்கு பொருட்களையும் பேட்ச் எண் போட்டு எடை எழுதுங்கள். வாயுவை எடை போட முடியாது. மற்றதைக் கழித்து மீதியாக எழுதுங்கள்.

இப்படி எழுதினால் கசிவு கண்ணில் படும். வழக்கமாகப் பத்து சதவீதம் காட்டும் 'மீதி' ஒரு நாள் பதினைந்து காட்டினால் எங்கோ வாயு வெளியேறுகிறது, அல்லது கண்டென்சர் சரியாகக் குளிர்விக்கவில்லை. நோட்டு இல்லாத ஆலையில் இதை மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

5. ஏற்றுதல், மூடுதல், நைட்ரஜன்

ரியாக்டரை வாய்வரை அடைக்காதீர்கள். ஆவி வெளியேறும் வாய்க்கு முன்னால் இடம் இல்லையென்றால் கரித்தூளை ஆவியே அள்ளிக்கொண்டு போய்க் குழாயில் அப்பும்.

கதவு மூடும்முன் கேஸ்கெட் கயிற்றைக் கையால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். நைந்த இடம் இருந்தால் மாற்றுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள், வரிசையாக இறுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

பிறகு நைட்ரஜன். உள்ளே இருக்கும் காற்றைத் துரத்தத்தான் இது. பைரோலிசிஸ் என்பதே ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்குவது. உள்ளே காற்று இருந்து, எரியக்கூடிய ஆவி சேர்ந்து, எங்காவது தீப்பொறி கிடைத்தால் ரியாக்டர் வெடிகுண்டாகும். 'முதல்ல வர்ற நீராவியே காத்தைத் தள்ளிடும்' என்று சொல்லி நைட்ரஜனை மிச்சம் பிடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை உங்கள் ஆலையில் அனுமதிக்காதீர்கள்.

பர்னரைப் பற்ற வைப்பதற்கு முன்னால் கேஸ் லைனில் இருக்கும் வாட்டர் சீலின் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் கையெழுத்து போடச் சொல்லுங்கள். பர்னர் தீ திரும்பி டேங்குக்கு ஓடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வெயில் நாளில் அது ஆவியாகிக் குறையும்.

6. சூடேற்றுதல்

இங்கேதான் அவசரம் அதிகம்.

தொடக்கத்தில் மெதுவாக. நூறு டிகிரியைத் தாண்டும்போது டயரில் மிச்சமிருந்த ஈரம் வெளியேறும். பார்க்கும் கண்ணாடியில் கலங்கலாகச் சொட்டும். 'அண்ணே, ஆயில் வந்துடுச்சு' என்று புதுப் பையன் ஓடி வருவான். அது ஆயில் இல்லை, தண்ணீரும் கொஞ்சம் எண்ணெய்ப் படலமும். அதைத் தனி டேங்குக்குத் திருப்புங்கள். ஆயில் டேங்குக்கு விட்டுவிட்டால் மொத்த ஆயிலும் தண்ணீர் கலந்ததாகிவிடும், வாங்குபவர் பாயிலரில் தீ விட்டு விட்டு எரியும்.

இருநூறுக்கு மேல் போகப் போக உண்மையான ஆயில் மெல்லிய இழையாக ஓடத் தொடங்கும். 350-லிருந்து 450 டிகிரி வரைதான் பெரும்பகுதி வரும். ஓட்டம் பலமாக இருக்கும்போது தீயைக் கூட்டாதீர்கள். வேகமாகச் சூடேற்றினால் ஆவி அதிகம் கிளம்பி, கண்டென்சர் தாங்காமல், ஆயிலாக வேண்டியது வாயுவாகவே ஓடும்.

சேலத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் கூலிங் டவர் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். அந்த மாதங்களில் அதிக வெப்பம் வேண்டிய கட்டத்தை இரவில் வருமாறு ஷிஃப்டை அமைத்தால் ஆயில் அளவு குறையாது. போர் தண்ணீரின் உப்பு கண்டென்சர் குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். தண்ணீரை மென்மையாக்கி விடுங்கள், அல்லது குறித்த இடைவெளியில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

அழுத்தமானி ஏறினால் செய்ய வேண்டிய முதல் வேலை பர்னரைக் குறைப்பது. புதியவர்கள் வால்வுகளைத் திருப்பிப் பார்க்கிறார்கள். குழாயில் தாரும் தூசியும் அடைத்திருந்தால் வால்வால் ஒன்றும் ஆகாது, வெப்பத்தை நிறுத்தினால்தான் ஆவி உற்பத்தி அடங்கும்.

ஆயில் ஓட்டம் நின்றதும் தீயை அணைத்துவிடாதீர்கள். இதுதான் கரித்தூளைக் கெடுக்கும் அவசரம். சொட்டு நின்ற பிறகும் அதே வெப்பத்தில் ரியாக்டரைச் சுழலவிட்டு மிச்ச எண்ணெயை வெளியேற்ற வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் ரியாக்டருக்கு 9-ஆம் பகுதியில் வரும் சோதனைதான் சொல்லும்.

7. வாயு

கண்டென்சரில் ஆயிலாகாத வாயு, அதாவது மீத்தேன், ஹைட்ரஜன், ஈத்தேன், புரோப்பேன் போன்றவை, பர்னருக்கே திரும்ப வரும். நடுக்கட்டத்திலிருந்து ரியாக்டர் தன் வாயுவாலேயே சூடாகும். வெளியெரிபொருளை அப்போதே நிறுத்த வேண்டும்.

தேவைக்கு மேல் வரும் வாயுவை ஃபிளேரில், அதாவது உயரக் குழாயின் வாயில், எரிக்க வேண்டும். அப்படியே விடவே கூடாது. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 முதல் 30 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். ஃபிளேர் அணைந்து கிடந்தால், சேர்த்த நன்மை கரைந்துபோகும்.

இந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது. டயரில் சேர்த்த கந்தகத்தின் ஒரு பங்கு அது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆள் விழுந்துவிடுவார். வாடை நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. ஆயில் டேங்கின் மேல்மூடி அருகிலும் வாட்டர் சீல் அருகிலும் வாயு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எரிந்த பிறகு ஹைட்ரஜன் சல்பைடு சல்பர் டை ஆக்சைடாகும். அதனால் சிம்னிக்கு முன்னால், புகையைக் கழுவும் காஸ்டிக் சோடா ஸ்க்ரப்பர். அதன் காரத்தன்மையை ஷிஃப்டுக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். காஸ்டிக் தீர்ந்த ஸ்க்ரப்பர் வெறும் குளியலறை ஷவர்தான்.

8. ஆறவைத்தல்

இந்தத் தொழிலில் நடக்கும் சாவுகளில் பல கதவைச் சீக்கிரம் திறந்ததால் நடந்தவை. இந்த ஒரு பகுதியையாவது தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தீ அணைத்த பிறகும் உள்ளே எரியக்கூடிய ஆவி இருக்கும். கரித்தூள் மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் நடுவில் கனன்றுகொண்டிருக்கும். காற்று பட்டவுடன் குப்பென்று பிடிக்கும். அதனால் மறுபடியும் நைட்ரஜன் விட்டு, சுழற்றிக்கொண்டே ஆறவிட்டு, உள்வெப்பம் ஐம்பது டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் கதவு. தெர்மாமீட்டர் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு இடத்தில் பாருங்கள், ஏனென்றால் ஆவிக் குழாயில் இருப்பது கரியின் வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

கரித்தூளை மூடிய திருகுக் கன்வேயர் வழியாகவே எடுங்கள். திறந்து கொட்டினால் அந்த நுண்தூள் அக்கம்பக்கக் கிணறு, துணி, நுரையீரல் எல்லாவற்றிலும் போய்ப் படியும். ரியாக்டருக்குள் ஆள் இறங்க வேண்டியிருந்தால் முதலில் காற்றோட்டம், ஆக்சிஜன் அளவு, வாயு அளவு பார்த்து, வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும்.

அடுத்த லோடு காத்திருக்கிறது என்று முதலாளியே அவசரப்படுத்துவார். அதனால் கதவு திறக்கும் முடிவை முதலாளியிடமும் விடாதீர்கள், ஆபரேட்டரிடமும் விடாதீர்கள். வெப்பம் இறங்காமல் பூட்டு திறக்காதபடி இன்டர்லாக் வைத்துவிடுங்கள்.

9. கரித்தூள் சோதனை

சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டு, எண்ணெயைக் கரைக்கும் டொலுவீன் திரவத்தை ஊற்றிக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டுங்கள். தீயிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு. வடிந்தது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால் நன்றாக வெந்த கரி. பால் கலக்காத டீ நிறத்தில் இறங்கினால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. அடுத்த பேட்சில் கடைசிக் கட்டத்தை நீட்டுங்கள். நிறம் மறையும் நேரம்தான் உங்கள் ரியாக்டரின் நேரம்.

எண்ணெய் மிச்சமுள்ள கரி பிசுபிசுக்கும், நாறும், ரப்பரோடு கலந்தால் கறை விடும். சோதனையில் தேறியதை மட்டும் தனியாக மூட்டை கட்டி, பேட்ச் எண் எழுதி, சாம்பல் அளவை ஆய்வகத்தில் பார்த்துச் சான்று வாங்குங்கள். அந்தச் சான்றோடு போனால்தான் மிதியடி, ஹோஸ், கன்வேயர் பெல்ட், செருப்பு அடிப்பாகம் செய்பவர்கள் மாதிரி கேட்பார்கள். நேரடியாகத் தூளாக விற்க முடியாது. காந்தத்தால் கம்பித் துணுக்கை எடுத்து, நுணுக்கி அரைத்து, குருணையாக்க வேண்டும். அரைக்கும் மெஷின் தனிச் செலவு. தொடக்கத் திட்டத்திலேயே அதைச் சேர்க்காதவர்கள் பிறகு சேர்ப்பதே இல்லை.

10. ஆயிலும் கம்பியும்

ஆயிலை இறங்கவிட்டு, அடியில் தேங்கும் தண்ணீரையும் கசடையும் வடித்து, கந்தக அளவும் தீப்பற்றும் வெப்பநிலையும் பார்த்து, தொழிற்சாலை எரிபொருளாக மட்டும் விற்கவும். கந்தகம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். வண்டி டீசலில் கலக்க யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். எஞ்சின் கெடும், புகை கெடும், சட்டப்படியும் குற்றம்.

யாருக்கு விற்கிறோம், அவர்கள் முன்பு எதை எரித்தார்கள் என்று எழுதி வையுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

கம்பியைத் தட்டி, கரி உதிர்த்து, பேல் கட்டி உருக்காலைகளுக்குக் கொடுங்கள்.

11. பருவநிலைக் கணக்கு

லாரி ரேடியல் பத்து டன் போட்ட ஒரு மாதிரிப் பேட்ச் எடுத்துக்கொள்வோம். ஆயில் 4 டன், கரித்தூள் 3.3, கம்பி 1.5, வாயு 1, தண்ணீரும் சேதாரமும் 0.2. உங்கள் நோட்டில் இருக்கும் எண்களை இதே இடத்தில் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டுக்கு அடிப்படை: அந்த டயர் எங்கோ ஒரு கிடங்கில் சும்மா கிடந்திருக்கும். கிடக்கும் டயர் கார்பன் டை ஆக்சைடு விடாது. திறந்த வெளியில் எரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் நம் ஆலை தேவலோகமாகத் தெரியும். அது நம்மை நாமே ஏமாற்றுவது. திறந்த வெளியில் டயர் எரிப்பதே தடை செய்யப்பட்டது. அதைச் செய்யாமலிருப்பதற்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆலைக்குள் வருவது: 1 டன் வாயு எரிந்தால் சுமார் 2.6 டன் கார்பன் டை ஆக்சைடு. தொடக்கத்தில் எரிக்கும் 150 கிலோ ஆயிலுக்கு 0.5. மின்சாரம் 400 யூனிட் என்றால் 0.3. லாரி டீசல் 40 லிட்டர் என்றால் 0.1. மொத்தம் 3.5 டன்.

விற்கும் ஆயில் 3.85 டன். எரிந்தால் 12.1 டன். வாங்குபவர் முன்பு ஃபர்னஸ் ஆயில் எரித்திருந்தால் அதே வெப்பத்துக்கு 12.2 டன் வந்திருக்கும். ஆக, ஆயிலில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆனால் வாங்குபவர் கழிவுநீரிலிருந்து வரும் பயோகேஸை எரித்துக்கொண்டிருந்த சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரராக இருந்து, மலிவு என்று டயர் ஆயிலுக்கு மாறினால், அந்த 12.1 டன்னும் புதிதாகச் சேர்ந்த சுமை. வாங்குபவரின் பழைய எரிபொருளை எழுதச் சொன்னது இதற்குத்தான்.

கம்பி 1.5 டன். தாதுவிலிருந்து எஃகு எடுப்பதோடு ஒப்பிட்டால் பழைய இரும்பு டன்னுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் மிச்சம். ஆக 2.25 டன் கழியும்.

இப்போது கரித்தூள். 3.3 டன்னையும் செங்கல் சூளையில் எரித்தால் 9.7 டன் வரும். அதே வெப்பத்தை நிலக்கரி கொடுத்திருந்தால் 9 டன். அதாவது நிலக்கரியைவிட மோசம், 0.7 டன் கூடுதல். எல்லாம் கூட்டிக் கழித்தால் இந்த வழியில் பேட்சுக்குச் சுமார் 1.9 டன் சுமை. டயர் சும்மா கிடந்திருந்தாலே மேல்.

அதே கரித்தூளை அரைத்து ரப்பர்ப் பொருளில் சேர்த்தால்? அதிலுள்ள கார்பன் திடமாகவே நிற்கும். அரைக்க 1,000 யூனிட் என்று வைத்தால் 0.7 டன். சாம்பல் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது, 3.3 டன் சேர்ந்து 2 டன் புது கார்பன் பிளாக்கைத் தவிர்க்கிறது என்று அடக்கமாக வைப்போம். புது கார்பன் பிளாக் தயாரிக்க டன்னுக்கு 2.62 டன் கார்பன் டை ஆக்சைடு என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் வழிகாட்டியில் உள்ள பொது எண். தவிர்ப்பு 5.2 டன். இந்த வழியில் மொத்தம் சுமார் 3.3 டன் மிச்சம்.

ரியாக்டர் ஒன்று, டயர் ஒன்று, ஆயில் ஒன்று. கரித்தூள் போகும் இடம் மாறியதில் பத்து டன் டயருக்கு ஐந்து டன்னுக்கு மேல் வித்தியாசம்.

இயற்கை ரப்பரின் கார்பன் மரம் காற்றிலிருந்து எடுத்தது. கார் டயரைவிட லாரி டயரில் அதன் பங்கு அதிகம். அதைக் கழித்துக் கணக்கை அழகாக்க ஆசை வரும். கழிப்பதாக இருந்தால் தனி வரியில் காட்டுங்கள், மொத்தத்தில் கரைத்துவிடாதீர்கள்.

இந்தக் கணக்கை மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். எந்த மாதம் சுமைப் பக்கம் சாய்கிறதோ, அந்த மாதத்துக் கரித்தூள் மூட்டைகளின் பேட்ச் எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். டொலுவீன் நிறம், கடைசிக் கட்ட நேரம், டயர்க் குவியல் என்று தேடினால், பெரும்பாலும் கார் டயர் கலந்த ஒரு லோடிலோ, ஷிஃப்ட் முடிகிறதென்று சீக்கிரம் அணைத்த ஓர் இரவிலோ போய் நிற்கும்.